தொட்டியில் எலுமிச்சை: பூவிலிருந்து காய் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் பக்கம் மொட்டைமாடியில் செடி வளர்க்கும் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால், எலுமிச்சையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: "நல்லா பூக்குதுங்க, ஒண்ணுகூட நிக்க மாட்டேங்குது." எதிரில் இருப்பவர் உடனே கேட்பது, "என்ன உரம் போடறீங்க?" நான் முதலில் கேட்பது வேறு: "என்ன தண்ணி ஊத்தறீங்க?"

தென்சென்னைப் புறநகரில் தொட்டி எலுமிச்சை தோற்றுப்போவதற்கு உரக்குறைவைவிடத் தண்ணீரே பெரிய காரணம். தண்ணீரின் உப்பு ஒரு பக்கம், ஊற்றுவதில் ஒழுங்கின்மை இன்னொரு பக்கம். இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால் மற்றதெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடிய கைவேலைதான். நர்சரியில் செடி வாங்கப் போகிறவரும், வாங்கிய செடி முதல்முறை மொட்டு விட்டதைப் பார்த்துக்கொண்டிருப்பவரும் வரிசையாகப் பின்பற்றும்படி எழுதுகிறேன்.

முதல் படி: சரியான செடியை வாங்குவது

நாம் ஊறுகாய்க்கும் சாதத்துக்கும் பிழியும் சிறிய, உருண்டையான, மெல்லிய தோல் பழம்தான் நாட்டு எலுமிச்சை. தென்காசி மாவட்டத்துப் புளியங்குடியும் கடையமும் இதற்குப் பேர்போன ஊர்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 இந்த இனத்தில் தமிழகம் முழுக்கப் பரவிய ரகம். திருப்பதி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த பாலாஜி ரகம் சொறிநோயைக் கொஞ்சம் தாங்கும். நர்சரிகளில் 'சீட்லெஸ்' என்ற பெயரில் விற்பது வேறு இனம். காய் பெரிது, நீள்வட்டம், விதை கிடையாது, முள் குறைவு. தொட்டியில் சீக்கிரம் காய்ப்பதில் அதுவே முந்தும். மணத்திலும் புளிப்பின் கூர்மையிலும் நாட்டு எலுமிச்சையை அது எட்டாது என்பது என் கருத்து. முதல் செடிக்கு எது வேண்டும் என்றால், குழந்தைகள் ஓடியாடும் மாடிக்கு சீட்லெஸ், சமையலுக்குத்தான் வேண்டும் என்றால் நாட்டு ரகம்.

வாங்கும்போது ஒரு கேள்வி கட்டாயம்: விதைச் செடியா, பதியமா, ஒட்டா? எலுமிச்சை விதையிலிருந்து வரும் கன்று பெரும்பாலும் தாயைப் போலவே இருக்கும், அதில் பயமில்லை. ஆனால் அது காய்க்க நிலத்திலேயே மூன்று, நான்கு வருடம் ஆகும். தொட்டியில் இன்னும் இழுக்கும். பதியச் செடியோ ஒட்டுச் செடியோ ஒன்றிரண்டு வருடத்திலேயே பூத்துவிடும். ஒட்டுச் செடியில் தண்டின் அடிப்பகுதியில் ஒரு சின்ன முடிச்சோ வளைவோ தெரியும். அதைத் தேடிப் பாருங்கள். பின்னால் அது முக்கியமாகும்.

ஜி.எஸ்.டி. சாலை ஓரத்து நர்சரிகளில் கை நிறையக் காயோடு நிற்கும் செடியைக் காட்டுவார்கள். அந்தக் காய்களுக்காக வாங்காதீர்கள். சின்னப் பையில் காயோடு நிற்கும் செடிக்கு வேர் போதாது. வீட்டுக்கு வந்த இரண்டே வாரத்தில் காய் எல்லாம் கொட்டும். காயில்லாத, அடர்பச்சை இலையுள்ள, தண்டு பென்சில் கனத்துக்குக் குறையாத கன்றே நல்லது. இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, மாவு போலவோ செதில் போலவோ ஏதாவது ஒட்டியிருந்தால் அடுத்த செடிக்குப் போய்விடுங்கள்.

இரண்டாம் படி: தொட்டியும் இடமும்

வாங்கிவந்த கன்றை ஒரே தாவலில் பெரிய தொட்டியில் வைக்க வேண்டாம். வேர் எட்டாத ஈரமண் அழுகலுக்கு இடம் கொடுக்கும். முதலில் 12 அங்குலத் தொட்டி, ஒரு வருடம் கழித்து 18 அல்லது 20 அங்குலம். பாதியாக அறுத்த நீல டிரம்மும் நன்றாகவே வேலை செய்யும். சிமெண்ட் தொட்டி புதிதாக இருந்தால் சில நாள் தண்ணீர் நிரப்பிவைத்து, கொட்டி, மறுபடி நிரப்ப வேண்டும். புதுச் சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு எலுமிச்சைக்கு ஆகாது. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி மே மாத வெயிலில் தொட முடியாத அளவு சுடும், உள்ளே இருக்கும் வேரும் அதே சூட்டைத்தான் வாங்கும். வேறு வழியில்லை என்றால் அதைச் சுற்றிப் பழைய சாக்கைக் கட்டிவிடுங்கள்.

தினமும் ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். அதற்குக் குறைந்தால் இலை வரும், பூ வராது. பால்கனியில் வைத்துவிட்டுக் காய்க்கவில்லை என்று வருந்துபவர்களின் செடிக்கு நோய் எதுவும் இருக்காது. வெயில்தான் போதாமல் இருக்கும்.

ஈரமண்ணோடு 18 அங்குலத் தொட்டி எழுபது, எண்பது கிலோ எளிதில் வரும். தளத்தின் நடுவில் வரிசையாக அடுக்காமல், கீழே சுவரோ உத்தரமோ இருக்கும் ஓரங்களில் வையுங்கள். ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் மூன்று செங்கல். தண்ணீர் வடியவும், தளம் ஓதம் காக்காமல் இருக்கவும், சூடான தளத்திலிருந்து தொட்டி விலகி நிற்கவும் இது உதவும்.

மூன்றாம் படி: மண்ணும் நடவும்

செம்மண் இரண்டு பங்கு, மட்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, ஆற்று மணலோ கழுவிய தேங்காய்நார்க் கழிவோ ஒரு பங்கு. இதோடு இரண்டு கை வேப்பம் பிண்ணாக்கு. மாடியின் எடை கவலை தந்தால் நார்க்கழிவின் பங்கைக் கூட்டிக்கொள்ளலாம். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஒருமுறை ஊறவைத்துப் பிழிந்தபிறகே சேர்க்க வேண்டும். அதில் இயல்பாகவே உப்பு இருக்கும், நம் ஊரில் மேற்கொண்டு உப்புக்கு இடமில்லை.

வடிகால் துளைமேல் ஒரு உடைந்த ஓட்டுத்துண்டு போதும். ஜல்லியை அடியில் நிரப்பும் பழக்கத்தால் வேர் பரவ வேண்டிய ஆழம்தான் வீணாகிறது. கன்றை மாலையில் நடுங்கள். வேர்க்கட்டி உடையக் கூடாது. ஒட்டு முடிச்சு மண்ணுக்கு நான்கு விரற்கடையாவது மேலே நிற்க வேண்டும். மண் விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே நின்றால்தான் தண்ணீர் ஊற்ற இடமிருக்கும். காய்ந்த இலைகளை மேலே மூடாக்காகப் பரப்பலாம். தண்டை ஒட்டி மட்டும் போடாதீர்கள். தண்டின் அடி எப்போதும் ஈரமாக இருந்தால் பட்டை அழுகிப் பிசின் வடியத் தொடங்கும்.

நான்காம் படி: தண்ணீர்

இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள்.

சப்போட்டா, கொய்யா எல்லாம் ஓரளவு உப்பைச் சகித்துக்கொள்ளும். எலுமிச்சைக் குடும்பம் அப்படியில்லை. பழமரங்களிலேயே உப்பை மிகவும் குறைவாகத் தாங்குபவற்றில் இதுவும் ஒன்று. நாம் இருக்கும் இடமோ ஆழ்துளைக் கிணற்றை நம்பிய பகுதி. பல்லாவரம், பம்மல், நாகல்கேணி, குரோம்பேட்டை வட்டாரத்தில் பல பத்தாண்டுகள் இயங்கிய தோல் பதனிடும் ஆலைகளால் நிலத்தடி நீரில் உப்பு ஏறியது ஆய்வுகளில் பதிவான செய்தி. தெருவுக்குத் தெரு தண்ணீர் மாறும். அடையாற்றை ஒட்டிய ஒரு வீட்டில் பருப்பு நன்றாக வேகும். நாலு தெரு தள்ளி, அதே போர் ஆழத்தில், குழாயின் வாயில் வெள்ளைப் படலம் கட்டும்.

ஆகவே முதல் வேலை, உங்கள் தண்ணீரின் உப்பை அளப்பது. டி.டி.எஸ். மீட்டர் பேனா அளவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்க மனமில்லை என்றால் ஆர்.ஓ. சர்வீஸுக்கு வருபவரிடம் எப்படியும் ஒன்று இருக்கும்; மாடிக் குழாயின் தண்ணீரை ஒரு டம்ளர் காட்டுங்கள். 500-க்குள் இருந்தால் கவலையில்லை. 500 முதல் 1000 வரை என்றால் கீழே சொல்வதுபோல் மாதம் ஒருமுறை மண்ணைக் கழுவ வேண்டும். 1000-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை மட்டும் நம்பி எலுமிச்சை வளர்க்க முடியாது. வேறு தண்ணீரைக் கலந்தே ஆக வேண்டும்.

வேறு தண்ணீருக்கு எங்கே போவது? ஒன்று, மழைநீர். மாடியிலிருந்து இறங்கும் குழாயின் வாயில் ஒரு டிரம்மை வைத்து மூடி போட்டால் சில வாரங்களுக்குத் தாங்கும், கொசுவலை கட்டாயம். இரண்டாவது, ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து வழிவது என்பதால் அதில் உப்பே கிடையாது. சென்னையின் புழுக்கத்தில் ஒரு படுக்கையறை ஏ.சி. ஓர் இரவில் அரை வாளி, சில நாளில் அதற்கு மேலும் கொடுக்கும். நம் பகுதியில் பெரும்பாலும் அது வீணாகச் சுவரை நனைத்துக்கொண்டு போகிறது. குழாயை ஒரு கேனில் விட்டுப் பிடியுங்கள். பாதி ஏ.சி. தண்ணீர், பாதி போர் தண்ணீர் என்று கலந்து ஊற்றினால் இலையின் நிறம் மாறுவதை அடுத்த தளிரிலேயே பார்க்கலாம்.

ஊற்றவே கூடாத இரண்டு தண்ணீர் உண்டு. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரில், உள்ளே போன உப்பு முழுவதும் செறிவாகத் திரண்டிருக்கும். வீணாகிறதே என்ற நல்ல எண்ணத்தில் அதைச் செடிக்கு விடுபவர்கள் நிறைய. பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அடுக்குமாடிகளில் 'சாஃப்டனர்' வழியே வரும் தண்ணீர். அது சுண்ணாம்பை எடுத்துவிட்டுச் சோடியத்தைப் போடுகிறது. துணிக்கு நல்லது, எலுமிச்சைக்கு விஷம். சாஃப்டனருக்கு முன்னால் ஒரு குழாய் எடுக்க முடியுமா என்று பிளம்பரிடம் கேளுங்கள்.

எப்போது ஊற்றுவது? விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விடுங்கள். மேல்மண் காய்ந்து, உள்ளே லேசாகக் குளிர்ச்சி தட்டினால் அன்று ஊற்றும் நாள். உள்ளே பிசுபிசுத்தால் விட்டுவிடுங்கள். கோடையில் அனேகமாகத் தினமும் காலையில் தேவைப்படும்; ஜனவரியில் இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை போதும்; மழைக்காலத்தில் வாரக்கணக்கில் தேவையே இராது. ஊற்றும்போது அடித்துளையில் ஒழுகும்வரை ஊற்ற வேண்டும். தினமும் ஒரு செம்பு மேலாகத் தெளித்தால் தண்ணீரை வெயில் எடுத்துக்கொண்டு உப்பை மண்ணில் விட்டுப் போகும். மண்தொட்டியின் வெளிச்சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பது அந்த உப்புதான்.

மாதத்துக்கு ஒரு நாள் மண்ணைக் கழுவுங்கள். மழைநீரோ ஏ.சி. தண்ணீரோ ஒரு பெரிய வாளி எடுத்து, நிதானமாக, இடைவெளி விட்டு விட்டு ஊற்றி அடியில் நன்றாக வெளியேறவிட வேண்டும். முதலில் ஒழுகுவதை ஒரு கிண்ணத்தில் பிடித்து மீட்டரை வைத்துப் பாருங்கள். எண்ணைப் பார்த்த பிறகு இந்த வேலையைத் தள்ளிப்போட மாட்டீர்கள்.

ஐந்தாம் படி: முதல் பூ

எலுமிச்சை தளிர் விடும்போதெல்லாம் பூக்கக்கூடியது. சற்றுக் காய்ந்து, பிறகு நிறையத் தண்ணீர் கிடைத்தால் அதற்குப் பூக்கத் தூண்டுதல் வரும். தோப்பு விவசாயிகள் வேண்டுமென்றே சில வாரம் தண்ணீரை நிறுத்தி, இலை வாடியபின் பாய்ச்சி, விலை ஏறும் கோடைக்குக் காய் வரும்படி பார்த்துக்கொள்வார்கள். மகாராஷ்டிரத்தில் இதைப் பஹார் என்கிறார்கள். நிலத்து மரத்துக்கு ஆழத்தில் வேர் உண்டு, அது தாங்கும். தொட்டியில் நிற்கும் இளஞ்செடியை அப்படிக் காயப்போட்டால் வேர்நுனிகள் கருகும். மூன்று வயதுவரை அந்த முயற்சியே வேண்டாம்.

மொட்டு முதலில் இலைக்காம்பின் இடுக்கில் ஒரு கடுகு அளவு வரும். நாட்டு எலுமிச்சையின் மொட்டு வெள்ளையாக இருக்கும். ஊதாச் சாயல் இருந்தால் நீங்கள் வாங்கியது பெரிய லெமன் இனமாக இருக்கலாம். பூ விரிந்ததும் அருகில் குனிந்து நடுவில் பாருங்கள். மகரந்தத் தாள்களுக்கு நடுவே பச்சையாக ஒரு தண்டு, அதன் தலையில் பிசுபிசுப்பான குமிழ், அடியில் மிளகு அளவு பச்சை உருண்டை இருந்தால் அது காயாகக்கூடிய பூ. சில பூக்களில் அந்தத் தண்டே இராது, அல்லது குட்டையாகக் கருகிக் கிடக்கும். அவை மகரந்தம் மட்டும் தருபவை. என்ன செய்தாலும் உதிரும். இளஞ்செடியில் அப்படிப்பட்ட பூ அதிகம்.

எலுமிச்சை தன் மகரந்தத்திலேயே காய்பிடிக்கும், துணைச்செடி தேவையில்லை. தேனீ வந்தால் இன்னும் நல்லது. அதனால் பூ விரிந்திருக்கும் நாட்களில் வேப்பெண்ணெய் உட்பட எந்த மருந்தும் அடிக்க வேண்டாம். தேனீயே எட்டிப் பார்க்காத மாடி என்றால் காலை பத்து மணிவாக்கில் கிளையை விரலால் மெல்லத் தட்டிவிடுங்கள். பக்கத்துத் தொட்டியில் துளசியைப் பூக்கவிட்டால் தேனீ தானாகவே வழி கண்டுபிடித்து வரும்.

செடி நட்ட முதல் வருடத்தில் பூத்தால்? மொட்டுகளைக் கிள்ளிவிடச் சொல்வதே முறை. கிள்ள மனம் வராது என்பது தெரியும். ஒன்றிரண்டை மட்டும் ஆசைக்கு விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளுங்கள். செடி அந்த வருடம் வேரையும் கிளையையும் கட்ட வேண்டும். இரண்டாம் வருடம் பத்துக் காய்க்குள், மூன்றாம் வருடத்திலிருந்து அதன் விருப்பம்.

ஆறாம் படி: உதிர்வைப் புரிந்துகொள்வது

எலுமிச்சைக் குடும்பத்தில் நூறு பூ பூத்தால் பழமாவது நாலைந்துக்கு மேல் போகாது. இது நோயல்ல, மரத்தின் கணக்கு. எவ்வளவு காயைத் தன்னால் வளர்க்க முடியும் என்று பார்த்து மீதியை அது விட்டுவிடுகிறது. உதிர்வு இரண்டு முறை வரும். பூ வாடிய சில வாரங்களில் கடுகும் மிளகுமாகக் கொட்டுவது முதல் முறை. காய் சுண்டைக்காய் அளவை எட்டி, கோலிக்குண்டை நோக்கி வளரும்போது இரண்டாம் முறை. உதிரப்போகும் பிஞ்சின் காம்பு, காயைத் தொடும் இடத்தில் மஞ்சளாக மாறும். காம்பு பச்சையாகவே இருந்து, பிஞ்சு பளபளவென்று இருந்தால் அது நிற்கப்போகிறது. கோலிக்குண்டைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் கவலையில்லை.

இயல்பான உதிர்வுக்கும் மேலே ஒட்டுமொத்தமாகக் கொட்டினால் கடந்த பத்து நாளைத் திரும்பிப் பாருங்கள். ஊருக்குப் போய் இரண்டு நாள் தண்ணீர் விடாமல் இருந்தீர்களா? திரும்பி வந்த குற்ற உணர்வில் ஒரே நாளில் வெள்ளமாக ஊற்றினீர்களா? தொட்டியை இடம் மாற்றினீர்களா? பூக்கும் நேரத்தில் உரத்தை அள்ளிப் போட்டீர்களா? பிஞ்சு நிற்கும் ஆறு வாரமும் எலுமிச்சைக்கு வேண்டியது ஒன்றுதான்: நேற்றைப் போலவே இன்றும். ஊருக்குப் போக வேண்டியிருந்தால் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள். தொட்டியை நிழல் பக்கம் தள்ளிவைத்துச் செல்வதைவிட அது பாதுகாப்பு.

பெருங்காயத்தைக் கரைத்து ஊற்றுவது, தேமோர்க் கரைசல் தெளிப்பது ஆகியவை மாடித்தோட்டக்காரர்களிடம் பரவலாக இருக்கும் வழக்கங்கள். நீர்க்கக் கரைத்துக் கொடுத்தால் கெடுதல் இல்லை. ஆனால் தண்ணீர் ஒழுங்கில்லாத தொட்டியில் எந்தக் கரைசலும் பிஞ்சைப் பிடித்து நிறுத்தாது.

ஏழாம் படி: உரம்

எலுமிச்சை நன்றாகச் சாப்பிடும் செடி. தொட்டி மண்ணோ தண்ணீர் ஊற்ற ஊற்றச் சத்தை இழக்கும். கொஞ்சமாக, அடிக்கடி என்பதே விதி. மாதம் ஒருமுறை இரண்டு கை மண்புழு உரமும் ஒரு கை வேப்பம் பிண்ணாக்கும் தொட்டியின் ஓரமாகக் கிளறிவிடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பஞ்சகவ்யா, லிட்டருக்கு 30 மில்லி. கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்துப் பத்து மடங்கு நீர் சேர்த்தும் கொடுக்கலாம். ரசாயன உரம் பயன்படுத்துபவர் என்றால் 19:19:19-ஐ லிட்டருக்கு 2 அல்லது 3 கிராம் கரைத்து, ஈரமண்ணில் மட்டும், மாதம் இருமுறை. காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் வெந்துபோகும். பூ விரிந்தது முதல் பிஞ்சு மிளகைத் தாண்டும்வரை எந்த உரத்தையும் கூட்டாதீர்கள்.

முட்டை ஓட்டுத்தூள் எல்லாச் செடிக்கும் நல்லது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நம் தண்ணீரிலேயே சுண்ணாம்பு தேவைக்கு மேல் இருக்கிறது. எலுமிச்சைத் தொட்டிக்கு அதை விட்டுவிடுங்கள். உப்புப் போட்டு வடித்த கஞ்சியும் வேண்டாம். அரிசி கழுவிய தண்ணீர் தாராளமாக ஊற்றலாம்.

எட்டாம் படி: இலையைப் படிப்பது

இலை மஞ்சளானால் 'சத்துக்குறைவு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். எந்த இலை, எப்படி மஞ்சள் என்று பார்த்தால் செடியே காரணத்தைச் சொல்லிவிடும். அடியில் இருக்கும் பழைய இலை முழுவதும் வெளிறினால் தழைச்சத்து போதவில்லை. பழைய இலையின் அடியில் மட்டும் தலைகீழ் 'V' எழுத்தைப் போலக் கூரான பச்சை நின்று மற்ற இடம் வெளுத்தால் மெக்னீசியம். எப்சம் உப்பு ஒரு தேக்கரண்டியை ஒரு லிட்டரில் கரைத்துத் தெளிக்கலாம். புதுத்தளிர் சின்னதாக, குறுகலாக, திட்டுத்திட்டாக வந்தால் துத்தநாகம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தோப்புகளுக்குத் துத்தநாக சல்பேட்டை 0.5 சதவீதக் கரைசலாக மார்ச், ஜூலை, அக்டோபர் மாதங்களில் தளிர் வந்ததும் தெளிக்கச் சொல்கிறது. தொட்டிச் செடிக்கு அதில் பாதி அடர்த்தியே போதும் என்பேன்.

நம் ஊரில் அதிகம் காண்பது இன்னொன்று: புதுத்தளிர் வெளிர்மஞ்சள், அதன்மேல் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாக. இது இரும்புச்சத்துப் பற்றாக்குறை. மண்ணில் இரும்பு இருந்தும், கடினநீரால் காரத்தன்மை ஏறிய மண்ணிலிருந்து வேரால் அதை எடுக்க முடியவில்லை. உரக்கடையில் இரும்பு செலேட் கேட்டால் இ.டி.டி.ஏ. வகையைக் கொடுப்பார்கள், காரமண்ணில் அது சீக்கிரம் பயனிழந்துவிடும். இ.டி.டி.எச்.ஏ. வகையைக் கேட்டு வாங்கி, டப்பாவில் போட்டிருக்கும் அளவில் மண்ணில் ஊற்றுங்கள். கூடவே ஏ.சி. தண்ணீரைத் தொடங்குங்கள், தண்ணீர் மாறாவிட்டால் இரண்டு மாதத்தில் அதே மஞ்சள் திரும்ப வரும். இலையின் நுனியும் ஓரமும் தீய்ந்ததுபோல் பழுப்பானால் அது உப்பு. உரத்தை நிறுத்தி மண்ணைக் கழுவுங்கள்.

ஒன்பதாம் படி: பூச்சியும் நோயும்

தளிரின்மேல் பறவை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று ஒட்டியிருக்கும். எச்சம் இல்லை, எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் இளம்புழு. ஒரு வாரத்தில் பச்சை நிறத்துக்கு மாறிச் சுண்டுவிரல் நீளத்துக்கு வளரும். குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கிளையுள்ள ஒரு சிவந்த கொம்பை நீட்டி, நெடி ஒன்றை விடும். எதிரியை விரட்ட அதற்குள்ள ஆயுதம் அவ்வளவுதான், கையைக் கடிக்காது. சின்னச் செடியை இரண்டு புழு மூன்று நாளில் மொட்டையடித்துவிடும். அதனால் காலையில் பார்த்துக் கையால் எடுத்துவிடுவதே வழி. மருந்து தேவையே இல்லை. மாடியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருந்தால் புழுவை அதில் விடுங்கள். அதே குடும்பம்தான், சாப்பிட்டு வளர்ந்து பட்டாம்பூச்சியாகும்.

தளிரில் வெள்ளிக்கோடு வளைந்து வளைந்து ஓடி, இலை சுருண்டால் இலைத்துளைப்பான். பார்க்க மோசமாக இருந்தாலும் முற்றிய இலையை அது தொடாது. அடுத்த தளிர் அரை அங்குலம் வந்ததுமே வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சில துளி காதி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். மாவுப்பூச்சிக்கும் செதில்பூச்சிக்கும் இதுவே. முதலில் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்துவிட்டுப் பிறகு தெளித்தால் பாதி மருந்து மிச்சம். தண்டில் எறும்பு வரிசையாக ஏறினால் மேலே எங்கோ மாவுப்பூச்சி இருக்கிறது என்று அர்த்தம், தேடுங்கள்.

இலையிலும் காயிலும் சுற்றி மஞ்சள் வளையத்தோடு பழுப்பு நிறத்தில் சொரசொரப்பான புள்ளி வந்தால் சொறிநோய். பாக்டீரியாவால் வருவது, பெரும்பாலும் மழைத்துளி தெறித்துப் பரவும். பாதித்த குச்சிகளை மழையில்லாத நாளில் வெட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போட வேண்டாம். கத்தரிக்கோலை டெட்டாலில் துடைத்துவிட்டு, காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் தெளியுங்கள். பழத்தின் உள்ளே எதுவும் ஆகாது, தோலைக் கழுவிப் பிழியலாம்.

ஒட்டு முடிச்சுக்குக் கீழேயிருந்து நெட்டையாக, முள்ளோடு, வேறு மாதிரி இலையோடு ஒரு கிளை வந்தால் அது அடிச்செடியின் கிளை. வளரவிட்டால் மேலே இருக்கும் உங்கள் எலுமிச்சையை அது அடக்கிவிடும். பார்த்த அன்றே அடியோடு கிள்ளுங்கள்.

பத்தாம் படி: கத்திரி வெயிலும் வடகிழக்குப் பருவமழையும்

செய்தியில் மீனம்பாக்கம் என்று சொல்லும் வெப்பநிலை நம் ஊருக்குப் பக்கத்துத் தெரு மாதிரி. அது 40-ஐத் தொட்டால் நம் மொட்டைமாடியின் தளம் அதைவிடச் சுடும். மே மாதத்தில் மதியம் பன்னிரண்டு முதல் நாலு வரை பாதி நிழல் தரும் பச்சை வலை போதும். பிஞ்சு வெயில்படும் பக்கம் வெளிறி, தோல் தடித்தால் வலை தேவை என்று பொருள். தொட்டிகளை நெருக்கி வைத்தால் ஒன்றன் நிழல் இன்னொன்றின் மண்ணுக்குக் கிடைக்கும்.

சென்னை வட்டாரத்தின் ஆண்டு மழை ஏறக்குறைய 1400 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. செப்டம்பர் கடைசியில் ஒவ்வொரு தொட்டியின் அடித்துளையையும் கம்பியால் குத்திப் பாருங்கள். மூடாக்கை எடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் இலை தொங்கி மஞ்சளானால் தண்ணீர் போதவில்லை என்று நினைத்துவிடக் கூடாது, வேர் மூச்சுத் திணறுகிறது. தொட்டியை ஒரு பக்கம் செங்கல் கொடுத்துச் சாய்த்து வையுங்கள். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்தபோதும், 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் மாடித்தொட்டிகள் என்ன ஆகும் என்பதை இந்தப் பகுதி பார்த்தது. புயல் எச்சரிக்கை வந்தால் தொட்டிகளைக் கைப்பிடிச் சுவரின் உள்மூலையில் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். சுவரின்மேல் எதுவும் இருக்கக் கூடாது.

இந்த மழை நல்லதும் செய்கிறது: வருடம் முழுக்க மண்ணில் சேர்ந்த உப்பைக் கழுவிவிடுகிறது. அதனால்தான் ஜனவரி, பிப்ரவரியில் வரும் தளிரும் பூவும் நம் மாடிகளில் வருடத்திலேயே செழிப்பாக இருக்கின்றன.

பதினொன்றாம் படி: பறிப்பதும் அதற்குப் பிறகும்

பூவிலிருந்து பழம் வர ஏறக்குறைய ஐந்து மாதம். மஞ்சளாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடர்பச்சை வெளிர்பச்சையாகி, தோல் வழவழப்பாகி, விரலால் அழுத்தினால் லேசாக நெகிழ்ந்தால் சாறு நிறைந்துவிட்டது. பிடித்து இழுத்தால் காம்போடு தோலும் கிழியும். கத்தரிக்கோலால் சின்னக் காம்பு விட்டு வெட்டுங்கள். ஊறுகாய்க்கு முழு மஞ்சள், சாற்றுக்கு வெளிர்பச்சை, இலையோடு பறித்தது மோருக்கு.

காய் இறங்கியதும் காய்ந்த குச்சிகளையும் உள்நோக்கி வளரும் கிளைகளையும் வெட்டி, நடுவில் வெளிச்சம் விழவிடுங்கள். கனமான கத்தரிப்பு வேண்டாம். அடுத்த பூ வரும் கிளைகளையும் சேர்த்து வெட்டிவிடுவோம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, மழை ஓய்ந்த ஜனவரியில், செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, சுற்றிச்சுற்றி வளர்ந்த வெளிவேரை இரண்டு அங்குலம் சீவி, புதுக்கலவையோடு திரும்ப வையுங்கள். பத்து நாள் நிழலில் இருக்கட்டும். அந்தப் பத்து நாளும் ஏ.சி. தண்ணீரோ மழைநீரோ மட்டும் ஊற்றுங்கள். அறுபட்ட வேருக்கு உப்பு படக் கூடாது. புதுத்தளிர் கண்ணில் பட்டதும் வெயிலுக்கு நகர்த்தி, மாதாந்திர உரத்தை மறுபடி தொடங்கலாம்.